உடைந்த பலகைகளும் பேழைக்குள்ளே

(வானொலி மறையுரையின் அச்சு வடிவம்)



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "ஃபாதர், உடன்படிக்கைப் பேழையில யானை, ஒட்டகம் எல்லாம் இருந்துச்சுன்னா, அதை எப்படித் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோவாவின் பேழை என்றும் உடன்படிக்கைப் பேழை என்றும் ஒரே சொல்லைத்தானே நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! நற்கருணை ஆண்டவர் வீற்றிருக்கும் இடத்தையும் 'நற்கருணைப் பேழை' என்றுதான் அழைக்கிறோம். அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன விடையையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு சொற்கள்

எபிரேய மொழியில் இவை வேறு வேறு சொற்கள். நோவாவின் பேழைக்குத் 'தேபா' என்று பெயர். குழந்தை மோசேயை நைல் நதியில் மிதக்கவிட்ட கோரைக் கூடைக்கும் அதே சொல்தான். தண்ணீரின் நடுவே உயிரைக் காப்பது தேபா.

உடன்படிக்கைப் பேழையைக் குறிக்கும் சொல் 'அரோன்'. மோசேயின் அண்ணன் ஆரோனின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரோன் என்றால் சாதாரணப் பெட்டி. எருசலேம் கோவிலைப் பழுதுபார்க்க யோவாசு அரசர் காலத்தில் மூடியில் துளையிட்டு வைத்த காணிக்கைப் பெட்டியும் அரோன்தான். எகிப்தில் இறந்த யோசேப்பின் உடலை வைத்த பெட்டியும் அரோன்தான். பணப் பெட்டி, சவப் பெட்டி, கடவுளின் வார்த்தையைத் தாங்கிய பெட்டி மூன்றுக்கும் ஒரே சொல். பெட்டி எதைச் சுமக்கிறதோ அதனால்தான் அதற்கு மதிப்பு.

இதைப் பற்றி யூத ரபிகளிடம் ஓர் அழகான மரபு உண்டு. இஸ்ரயேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டபோது யோசேப்பின் எலும்புகளை உடன் எடுத்துச் சென்றார்கள். ஆகவே பாலைநிலத்தில் 40 ஆண்டுகள் இரண்டு அரோன்கள் அருகருகே பயணம் செய்தன. வழியில் கண்டவர்கள், "இவை என்ன?" என்று கேட்டார்களாம். ஒன்றில் இறந்த மனிதர், மற்றொன்றில் வாழும் கடவுளின் பிரசன்னம் என்று விடை வந்தது. பிணமும் கடவுளும் சேர்ந்து போவதா என்று வியந்தவர்களுக்கு, அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் இந்தப் பெட்டியில் இருப்பவர் வாழ்ந்து காட்டினார் என்று பதில் சொன்னார்களாம். இதைவிடச் சிறந்த இரங்கல் உரை ஒருவருக்கு உண்டா?

எப்படிச் செய்யப்பட்டது?

விடுதலைப் பயண நூல் 25ஆம் அதிகாரத்தில், திருஉறைவிடத்துக்காக ஆண்டவர் மோசேயிடம் விவரிக்கும் பொருள்களில் முதலாவது இந்தப் பேழை. கூடாரத்தைப் பற்றிய விவரம்கூடப் பிறகுதான் வருகிறது. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். நம் அளவில் ஏறத்தாழ 112 செ.மீ. நீளம், 67 செ.மீ. அகலம், 67 செ.மீ. உயரம். நம் பாட்டிமார் துணிமணி வைத்திருந்த மரப் பெட்டியின் அளவுதான். பாலைநிலத்தில் வளரும் சித்திம் மரத்தால் பெசலேல் என்னும் கைவினைஞர் அதைச் செய்தார். உள்ளும் புறமும் பசும்பொன் தகடு வேயப்பட்டது. நான்கு வளையங்கள் பொருத்தப்பட்டு, அவற்றில் பொன் வேய்ந்த தண்டுகள் செருகப்பட்டன.

இந்த விவரங்களை நாம் வாசகத்தில் கேட்கும்போது சற்றே கண் அயர்ந்துவிடுகிறோம். யூத ஆசிரியர்களோ ஒவ்வொரு சொல்லிலும் நின்று பார்த்தார்கள். வெளியே பொன் வேய்ந்தால் போதாதா, யார் கண்ணுக்கும் படாத உட்புறத்துக்கு எதற்குப் பொன் என்று கேட்டார்கள். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாதவர் இறைச்சட்டத்தின் மாணவர் அல்லர் என்று தல்மூது விடை தருகிறது. எனக்கும் என்னைப் போன்ற குருக்களுக்கும் இது முதலில் பொருந்தும்.

மற்றப் பொருள்களைச் செய்யும்படி மோசே ஒருவரிடம் 'நீ செய்' என்று சொல்லும் ஆண்டவர், பேழையைப் பற்றிப் பேசும்போது எபிரேய மூலத்தில் 'அவர்கள் செய்யட்டும்' என்கிறார். ஏன் இந்தப் பன்மை? இறைச்சட்டம் எல்லாருக்கும் உரியது. ஆகவே அதைத் தாங்கும் பெட்டியில் எல்லாருக்கும் பங்கு இருக்கட்டும் என்று ரபிகள் விளக்கினார்கள்.

தண்டுகளைப் பற்றி இன்னொரு கட்டளை உண்டு. அவற்றை வளையங்களிலிருந்து ஒருபோதும் கழற்றக் கூடாது. பேழை ஓரிடத்தில் நூறு ஆண்டுகள் இருந்தாலும் தண்டுகள் தயாராகவே இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் தம் மக்களோடு புறப்படத் தயாராக இருக்கும் கடவுள் இவர். சாலமோன் கட்டிய மாபெரும் கோவிலில் பேழை வைக்கப்பட்ட பிறகும், அந்தத் தண்டுகளின் முனைகள் தூயகத்திலிருந்து பார்த்தால் தெரிந்தன என்று அரசர்கள் முதல் நூல் குறிப்பிடுகிறது. கல்லால் கட்டிய கோவிலுக்குள்ளும் கூடாரத்தின் நினைவு மறையவில்லை.

பெட்டி, பாதபடி, சந்திப்பின் இடம்

பேழையின் பொருள் என்ன? பழைய ஏற்பாடு இதற்கு ஒரே விடை தரவில்லை.

இணைச்சட்ட நூலில் பேழை முதன்மையாக ஒரு கொள்கலன். பத்துக் கட்டளைகள் எழுதப்பட்ட இரு கற்பலகைகளை அது தாங்குகிறது. அந்தக் காலத்தில் அரசர்கள் உடன்படிக்கை செய்துகொண்டால், அதன் படியைத் தங்கள் தெய்வத்தின் திருமுன் வைப்பார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இத்தியர் ஒப்பந்தங்களில் இதைத் தெளிவாகக் காண்கிறோம். இஸ்ரயேலரும் ஆண்டவரோடு செய்த உடன்படிக்கையின் பலகைகளை அவரது திருமுன் வைத்தார்கள்.

குறிப்பேடு முதல் நூலின் இறுதிப் பகுதியில் தாவீது பேழையை ஆண்டவரின் பாதபடியாகப் பேசுகிறார். விண்ணகத்தில் அரியணை கொண்டவர் மண்ணில் கால் பதிக்கும் இடம் இது.

விடுதலைப் பயண நூலில் முழுக் கவனமும் மூடிக்குச் செல்கிறது. நம் திருவிவிலியம் அதை 'இரக்கத்தின் இருக்கை' என்று அழைக்கிறது. பசும்பொன்னாலான அந்த மூடியின் இரு முனைகளிலும் சிறகு விரித்த இரண்டு கெருபுகள், ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அவற்றின் நடுவிலிருந்து மோசேயோடு பேசுவதாக ஆண்டவர் வாக்களித்தார். ஆண்டுக்கு ஒருமுறை, பாவக் கழுவாய் நாளில், தலைமைக்குரு மட்டும் சாம்பிராணிப் புகை சூழ உள்ளே நுழைந்து, அந்த மூடியின் மேலும் முன்னும் பலி இரத்தத்தைத் தெளித்தார்.

எகிப்திலும் இத்தகைய பெட்டிகள் இருந்தன. 1922ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட தூத்தங்காமுன் கல்லறையிலும் தண்டுகளில் சுமக்கும் பெட்டி ஒன்று கிடைத்தது. அதன் மேல் அனுபிசு தெய்வத்தின் உருவம் படுத்திருக்கிறது. இஸ்ரயேலின் பேழையிலோ தெய்வத்தின் உருவம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. கெருபுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. அங்கிருந்து வருவது குரல் மட்டுமே. பார்க்க ஒன்றும் தராமல், கேட்க வார்த்தை தரும் கடவுள் இவர்.

ஒன்றையொன்று நோக்கும் கெருபுகளைப் பற்றியும் தல்மூதில் ஒரு விளக்கம் உண்டு. குறிப்பேடு இரண்டாம் நூலில் சாலமோன் செய்த கெருபுகள் கோவிலை நோக்கி நின்றதாக வருகிறது. ஒரு நூலில் முகத்தோடு முகம், மற்றொரு நூலில் வேறு திசையா? மக்கள் ஆண்டவரின் திருவுளத்தைச் செய்தபோது கெருபுகள் ஒன்றையொன்று பார்த்தன, செய்யாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன என்கிறார் ஒரு ரபி. கணவனும் மனைவியும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளும் வீட்டில் உடன்படிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பேழையைப் பயன்படுத்த நினைத்தவர்கள்

பேழை மக்களுக்கு முன்னே சென்று பாலைநிலத்தில் வழிகாட்டியது. குருக்கள் அதைச் சுமந்து யோர்தானில் கால் வைத்தபோது தண்ணீர் நின்றது. எரிகோவை ஏழு நாள் சுற்றி வந்தது. பின்னர் சீலோவில் தங்கியது. அங்கேதான் சிறுவன் சாமுவேல் இரவில் படுத்திருந்தபோது ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நாம் கவனமாகக் கேட்க வேண்டும். பெலிஸ்தியரோடு நடந்த போரில் இஸ்ரயேலர் 4,000 பேர் வீழ்ந்தார்கள். உடனே பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஏன் தோற்றோம் என்று ஆண்டவரிடம் கேட்கவில்லை. சீலோவிலிருந்து பேழையைக் கொண்டுவந்துவிட்டால் வெற்றி நமக்கே என்று நினைத்தார்கள். பேழையோடு வந்தவர்கள் ஏலியின் இரு புதல்வர்கள், காணிக்கை இறைச்சியை மக்களிடமிருந்து பறித்துத் தின்ற குருக்கள். பேழையைக் கண்டதும் பாளையம் அதிர ஆரவாரம் எழுந்தது. அன்று 30,000 காலாட்படையினர் மாண்டார்கள். பேழை பிடிபட்டது. 98 வயதான ஏலி, தம் புதல்வர்கள் இறந்த செய்தியைத் தாங்கிக்கொண்டார். பேழை பறிபோனது என்று கேட்டதும் இருக்கையிலிருந்து பின்னால் சாய்ந்து விழுந்து இறந்தார்.

ஆண்டவரைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சண்டையில் நம் பக்கம் நிறுத்திவிடலாம் என்று நினைப்பதுதான் அன்றைய பாவம். கழுத்தில் சிலுவையும் வண்டியில் மாதா படமும் இருந்தால் போதும், நேர்மை எதற்கு என்று நினைக்கும் நமக்கும் அந்தப் பாளையத்தில் ஓர் இடம் உண்டு.

ஆனால் ஆண்டவர் தோற்கவில்லை. அஸ்தோது நகரின் தாகோன் கோவிலில் வைக்கப்பட்ட பேழையின் முன், தாகோனின் சிலை தலையும் கைகளும் உடைந்து விழுந்து கிடந்தது. 1932ஆம் ஆண்டு சிரியாவின் தூரா யூரோப்போசு என்னுமிடத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரில் இந்தக் காட்சி வண்ண ஓவியமாக இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 245இல் வரையப்பட்டது. எருசலேம் கோவில் அழிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்நிய நாட்டில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிய படம் அது.

ஏழு மாதங்களுக்குப் பின் பேழை திரும்பிவந்து கிரியத்து எயாரிமில் ஒரு வீட்டில் தங்கியது. தாவீது அதை எருசலேமுக்குக் கொண்டுவரப் புறப்பட்டார். புது வண்டி ஒன்றில் ஏற்றினார். மாடுகள் இடறின. உசா கை நீட்டிப் பேழையைப் பிடித்தார், அங்கேயே இறந்தார். நம் மனதை உறுத்தும் நிகழ்ச்சி இது. நல்லெண்ணத்தோடு தாங்கியவர்தானே! பேழையைத் தோளில் சுமக்க வேண்டும் என்பது லேவியருக்கான கட்டளை. வண்டியில் ஏற்றியது பெலிஸ்தியர் செய்த முறை. தல்மூது இதற்கு மேலும் ஒரு சொல் சேர்க்கிறது. யோர்தானைக் கடந்தபோது பேழையே தன்னைச் சுமந்தவர்களைச் சுமந்து சென்றது, அப்படியிருக்க அது தன்னைத்தான் தாங்கிக்கொள்ளாதா? கடவுளை நாம்தான் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு ஆபத்தானது. பங்கு நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். நானும் மறந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெற்று அறை

சாலமோனின் கோவிலில் பேழை திருத்தூயகத்தில் வைக்கப்பட்டது. அப்போது அதனுள்ளே இரு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அரசர்கள் முதல் நூல் சொல்கிறது. எபிரேயர் திருமுகம் மன்னா வைத்த பொற்சாடியையும் ஆரோனின் கோலையும் சேர்த்துச் சொல்கிறது.

கி.மு. 587 அளவில் பாபிலோனியர் கோவிலை எரித்தார்கள். அவர்கள் அள்ளிச் சென்ற சட்டிகள், கரண்டிகள், தூண்கள் வரை ஒரு நீண்ட பட்டியல் அரசர்கள் இரண்டாம் நூலில் இருக்கிறது. அதில் பேழை இல்லை. எரேமியா அதை மலைக் குகையில் மறைத்துவைத்தார் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் ஒரு மரபைத் தருகிறது. யோசியா அரசர் கோவிலுக்கு அடியிலேயே மறைத்தார் என்பது ரபிகளின் மரபு. எத்தியோப்பியாவின் ஆக்சும் நகரில் தங்களிடமே பேழை இருப்பதாக அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் நம்புகிறார்கள். அதைக் காக்கும் துறவி ஒருவரைத் தவிர யாரும் அதைப் பார்க்க அனுமதி இல்லை.

நாடுகடத்தலிலிருந்து திரும்பிவந்து கட்டிய இரண்டாம் கோவிலில் பேழை இல்லை. திருத்தூயகத்தில் தரையிலிருந்து மூன்று விரல் உயரமுள்ள ஒரு கல் மட்டுமே இருந்தது என்று மிஷ்னா சொல்கிறது. பாவக் கழுவாய் நாளில் தலைமைக்குரு அந்தக் கல்லின் மேல் தூபக் கலசத்தை வைத்தார். கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பேயு வாளோடு உள்ளே நுழைந்தபோது அங்கே எந்தத் தெய்வச் சிலையும் இல்லை, அறை வெறுமையாக இருந்தது என்று உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 70இல் அந்தக் கோவிலும் அழிந்தது. உரோமையில் தீத்துவின் வெற்றி வளைவில் சூறையாடிய பொருள்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏழு கிளை விளக்குத் தண்டும் காணிக்கை அப்ப மேசையும் எக்காளங்களும் இருக்கின்றன. பேழை இல்லை.

பேழை இல்லாமல் யூத மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? எரேமியா 3ஆம் அதிகாரத்தில் வியப்பான ஓர் இறைவாக்கு இருக்கிறது. ஒரு நாள் வரும், அப்போது யாரும் பேழையைத் தேடமாட்டார்கள், அதன் இழப்பை உணரமாட்டார்கள், புதிதாக ஒன்றைச் செய்யவும் மாட்டார்கள் என்கிறார். பொன் பெட்டி போனது. அதனுள் இருந்த வார்த்தை போகவில்லை. அதை மக்கள் கையால் படியெடுத்தார்கள், வாய்விட்டு வாசித்தார்கள், பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

இன்றும் ஒவ்வொரு யூதத் தொழுகைக்கூடத்திலும், எருசலேமை நோக்கிய பக்கத்தில், ஒரு பேழை இருக்கிறது. 'அரோன் ஹகோதேசு', அதாவது தூய பேழை என்று அதை அழைக்கிறார்கள். தோலில் கையால் எழுதிய இறைச்சட்டச் சுருள்கள் அதில் இருக்கின்றன. முன்னே திரைச்சீலை தொங்குகிறது, மேலே அணையா விளக்கு எரிகிறது. பேழையைத் திறக்கும்போது மக்கள் எழுந்து நிற்கிறார்கள். பாலைநிலத்தில் பேழை புறப்பட்டபோதும் தங்கியபோதும் மோசே சொன்ன வார்த்தைகளைச் சுருளை எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் சொல்கிறார்கள். நமக்கு அருகிலேயே, கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இருக்கிறது. சுற்றுலா செல்லும்போது அந்தப் பேழையின் முன் சற்று அமைதியாக நில்லுங்கள். நம் ஆண்டவர் இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளைக் கையில் வாங்கி வாசித்த மரபு அது. கடவுள் தம் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை என்று பவுலடியார் யூத மக்களைப் பற்றி எழுதியதை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நமக்கு மீண்டும் நினைவூட்டியது.

உடைந்த பலகைகள்

இப்போது, அந்தச் சிறுமியிடம் நான் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

மோசே மலையிலிருந்து முதன்முறை கொண்டுவந்த பலகைகள் கடவுளே எழுதியவை. பொன் கன்றுக்குட்டியின் முன் மக்கள் ஆடுவதைக் கண்டு, மலையடிவாரத்தில் மோசே அவற்றை எறிந்து உடைத்தார். பிறகு இரண்டாம் முறை பலகைகள் தரப்பட்டன. அவைதான் பேழைக்குள் வைக்கப்பட்டன. சரி, உடைந்த துண்டுகள் என்ன ஆயின? நாமாக இருந்தால் கூட்டி அள்ளிக் குழியில் போட்டிருப்போம்.

அவையும் பேழைக்குள்ளேயே வைக்கப்பட்டன என்கிறது யூத மரபு. முழுப் பலகைகளும் உடைந்த பலகைகளும் ஒரே பெட்டியில், ஒரே இரக்கத்தின் இருக்கைக்குக் கீழே, ஒரே தோள்களில் சுமக்கப்பட்டு 40 ஆண்டுகள் பயணம் செய்தன. இதிலிருந்து ரபிகள் ஒரு பாடம் எடுத்தார்கள்: தம் குற்றம் எதுவும் இன்றி, நோயாலோ முதுமையாலோ கற்றதை மறந்துபோன பெரியவரை மதிப்புக் குறைவாக நடத்தாதே. அவர் உடைந்த பலகை. அவருக்கும் இடம் பேழைக்குள்தான்.

இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்களில் ஒருவர் ராவ் யோசேப்பு. 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் பும்பெதித்தா என்ற ஊரின் கல்விக்கூடத்துக்குத் தலைவராக விளங்கியவர், பார்வை இழந்தவர். அவருடைய வாழ்விலேயே அது நடந்தது. அவர் நோயுற்றார், தாம் கற்றதை எல்லாம் மறந்துபோனார். அவருடைய மாணவர் அபாயே, ஆசிரியரிடம் கற்ற பாடங்களை ஆசிரியருக்கே திரும்பச் சொல்லிக் கொடுத்தார். இந்தப் போதனையை நான் கேட்டதே இல்லை என்று ராவ் யோசேப்பு சொல்லும்போதெல்லாம், இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான் என்று அபாயே பணிவோடு நினைவுபடுத்துவார். தல்மூதில் பல இடங்களில் இந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. ஆசிரியரின் மறதியை அவர்கள் மறைக்கவும் இல்லை, அவரை மூலையில் உட்காரவைக்கவும் இல்லை.

அன்பர்களே, நான் அபாயே அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் முதியவரான உபதேசியார் ஒருவர் இருந்தார். ஊரில் பாதிப்பேருக்கு முதல் நற்கருணைக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர். வயதாக ஆக மறதி வந்தது. செபமாலை சொல்லும்போது மூன்றாம் மறைபொருள் முடிந்ததும் மறுபடியும் இரண்டாம் மறைபொருளை அறிவிப்பார். பின்வரிசையில் இளைஞர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் மாதா திருவிழா நவநாளில், ஊரே கூடியிருந்தபோது, அப்படி நடந்தது. திருவழிபாடு கெட்டுப்போகிறதே என்ற கவலை எனக்கு. நான் எழுந்து சென்று, "ஐயா, போதும், நீங்க ஓய்வெடுங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தேன். அவர், "சரிங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகும் நாள்தோறும் கோவிலுக்கு வந்தார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசையச் செபிப்பார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். அடுத்த ஆண்டு நான்தான் அவரை அடக்கம் செய்தேன். அவருடைய பணியைப் புகழ்ந்து நீண்ட மறையுரை ஆற்றினேன். உடைந்த பலகைகளைப் பற்றி நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோவிலின் ஒழுங்கு விழாமல் தாங்குவதாக நினைத்துக் கை நீட்டிய உசா நான்தான். ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்தி, "ஐயா, இது மூன்றாவது முடிந்து நான்காவது. நீங்க சொல்லித்தந்ததுதானே?" என்று மெதுவாக எடுத்துக்கொடுக்கச் செய்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

நம் நடுவே இருக்கும் பேழை

தாவீது, ஆண்டவரின் பேழை தம்மிடம் எப்படி வர முடியும் என்று அஞ்சினார். அது மூன்று மாதம் ஓபேது ஏதோமின் இல்லத்தில் தங்கி அந்த வீட்டுக்கு ஆசி கொணர்ந்தது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்து கிட்டத்தட்ட அதே வியப்போடு மரியாவை வரவேற்கிறார். மரியாவும் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே தங்குகிறார். தாவீது பேழையின் முன் துள்ளி ஆடினார், வயிற்றில் இருந்த குழந்தை யோவான் துள்ளினார். இந்த ஒப்புமையைத் திருச்சபை பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. அதனால்தான் மாதா மன்றாட்டுமாலையில் அன்னையைப் பெட்டகம் என்று அழைத்து மன்றாடுகிறோம். பேழை தங்கியிருந்த கிரியத்து எயாரிம் குன்றின் மேல், 1924ஆம் ஆண்டு கட்டப்பட்ட உடன்படிக்கைப் பேழையின் அன்னை ஆலயம் இன்றும் நிற்கிறது.

வார்த்தை மனுவுருவாகி, அப்பமாகி நம் ஆலயத்துப் பேழையில் வீற்றிருக்கிறது. அதன் முன் நாம் முழந்தாளிடுகிறோம். அணையா விளக்கு எரிகிறது. அந்தப் பேழைக்குள் இருப்பதும் பிட்கப்பட்ட உடல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். உடைந்தவர்களுக்கு இடம் இல்லாத ஆலயம், தான் யாரை வைத்திருக்கிறது என்பதையே அறியாத ஆலயம்.

இந்த வாரம் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கோவிலுக்கு வர முடியாமல், பேர்கூட மறந்துபோய் இருக்கும் ஒரு பெரியவரைப் போய்ப் பாருங்கள். அவர் உங்களுக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்த செபம் ஒன்றை அவர் அருகில் அமர்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எடுத்துக்கொடுங்கள். சிரிக்க வேண்டாம், அவசரப்படுத்த வேண்டாம். இதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள்தான் என்று சொல்லுங்கள். நற்கருணை அவருக்கு வீட்டுக்கு வர வேண்டுமானால், உங்கள் பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள். அவர் மறுக்கமாட்டார்.

செபிப்போமாக. இரக்கத்தின் இருக்கையில் வீற்றிருக்கும் இறைவா, முழுமையாக இருந்த நாள்களில் எங்களைச் சுமந்தவர்களை, அவர்கள் உடைந்துபோன நாள்களில் நாங்கள் சுமக்க வரம் தாரும். நாங்கள் கீழே போட்டுவிட்டவர்களை நீர் உம் பேழைக்குள் எடுத்து வைத்திருக்கிறீர் என்று நம்புகிறோம். எங்களையும் ஒருநாள் அப்படியே எடுத்து வைத்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.